வலது கையுறை

விறகுக் கொட்டகையிலிருந்து ஒரு கையணைப்பு விறகோடு தார்மோ திரும்பி வந்தபோது, சமையலறையின் இழுப்பறைகள் நான்கும் திறந்து கிடந்தன.

கிடந்தன என்பதுகூடச் சரியில்லை. நான்கும் ஒரே அளவுக்கு, கடைசிவரை இழுக்கப்பட்டு, யாரோ அடுக்கி வைத்ததுபோல வரிசையாக நின்றன. கரண்டிகள் அப்படியே இருந்தன, மெழுகுவர்த்திகள் அப்படியே இருந்தன, எல்லாவற்றுக்கும் கீழே செத்துப்போன மனைவி எய்லா பின்னிய சிவப்புக் கம்பளிக் கையுறைகள் ஜோடியாக இருந்தன. மேசைமேல் இருந்த ரை தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டி மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் துணுக்குகூட இல்லை.

வடக்குக் கோடியில் ஜனவரி மாதத்து மதியம் மூன்று மணி. வெளியே ஏற்கெனவே இருட்டு. மறதிக்கு ஐம்பத்தொன்பது வயது போதுமா என்று தார்மோ யோசித்தார். போதும் என்று முடிவு செய்து இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மூடினார். தனியாக இருப்பதில் இப்படி ஒரு வசதி உண்டு. வீட்டில் எந்தக் குற்றம் நடந்தாலும் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தார்மோ நாவலாசிரியர். வரிப்பணம் கட்டும்போது அப்படித்தான் எழுதுவார். மற்ற நேரங்களில் சற்றுத் தயங்குவார். அவர் எழுதியதெல்லாம் 'சாம்பல்நாடு' என்ற கணினி விளையாட்டின் உலகத்தில் நடக்கிற கதைகள். அந்த நாட்டை அவர் உண்டாக்கவில்லை. மலைகளை வேறு யாரோ வைத்திருந்தார்கள், அரசர்களை வேறு யாரோ கொன்றிருந்தார்கள். மிச்சமிருந்த சந்துபொந்துகளில் அவர் கதை நடத்தினார். ஹெல்சிங்கியில் இருந்த கம்பெனியில் மரபுக் காப்பு என்று ஒரு பிரிவு. நாவலில் ஓர் ஆட்டுக்குப் பெயர் வைப்பதென்றாலும் அவர்களுக்கு எழுதிப்போட வேண்டும். ஆறு வாரத்தில் பதில் வரும். ஒருமுறை, அந்தப் பிராந்தியத்தில் ஆடே கிடையாது என்று வந்தது.

நாயகர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. வழிப்போக்கர் என்று பெயர். அது பெயரும் இல்லை. ஆணா பெண்ணா, கிழடா இளசா, நெட்டையா குட்டையா, எதையும் சொல்லக் கூடாது. விளையாடுகிற ஒவ்வொருவரும் அது தான்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆணையும் பெண்ணையும் ஒரே சொல்லால் குறிக்கிற மொழியில் எழுதியதால் தார்மோவுக்கு இது சுளுவாக வந்தது. ஆறு நாவல்களில் வழிப்போக்கர் குதிரை ஏறினார், கத்தி வீசினார், யார் வீட்டுக்குள்ளும் தட்டாமல் நுழைந்து இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார், ஜாடியை உடைத்தார், இருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதும் விதி. அடுப்புப் பக்கத்தில் நின்றபடி, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆறு நாவல்களிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தைத் தார்மோ கவனமாகக் காலியாக விட்டிருந்தார்.

ஒரு வருடத்துக்கு முன்னால், ஏழாவதில்தான் சோம்பேறித்தனம் வந்தது. ஓர் ஏரிக்கரை வீடு தேவைப்பட்டது. புதிதாக ஒன்றைக் கட்டி, ஆறு வாரம் காத்திருந்து, அங்கே ஏரியே கிடையாது என்ற பதிலை வாங்க அவருக்குத் தெம்பில்லை. அதனால் தன் வீட்டையே எழுதிவிட்டார். மஞ்சள் பூசிய சமையலறை, விறகடுப்பு, நான்கு இழுப்பறைகள், நீலக் காபி டப்பா, ஏரியைப் பார்த்த ஜன்னல், அடியில் சிவப்புக் கையுறைகள். வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று அடுப்புப் பக்கத்தில் ஒரு கிழவரை நிறுத்தினார். அன்று மாலைதான் மகள் பின்யா போனில் கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தாள். கிழவருக்கும் ஒரு மகளைக் கொடுத்து, அவளும் வரவில்லை என்று எழுதினார். கிழவருக்கு ஒரே ஒரு பேச்சு. மரபுக் காப்புக்காரர்கள் இரண்டே நாளில் ஒப்புதல் கொடுத்தார்கள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, மாவு ஜாடி தரையில் உடைந்து கிடந்தது. மாவில் ஒரு காலடித் தடமும் இல்லை. அவர் துடைப்பத்தோடு நின்றிருந்தபோது மரபுக் காப்பிலிருந்து ஆஸ்காரி கூப்பிட்டான். முப்பது வயதுப் பையன். சாம்பல்நாட்டு மன்னர்களின் வம்சாவளி அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். சொந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்டால் யோசிப்பான்.

"தார்மோ, உட்கார்ந்துக்கோங்க. சந்தோஷமான விஷயம்."

"நின்னுக்கிட்டே சந்தோஷப்படுறேன். சொல்லு."

"குளிர்காலப் பகுதி வெளியாகிடுச்சு. நேத்து மதியம் மூணு மணிக்கு. உங்க ஏரிக்கரை வீட்ட அப்படியே கட்டியிருக்கோம். மஞ்சள் சமையலறை, நாலு இழுப்பறை, அந்த நீல டப்பா. ஒண்ணக்கூட மாத்தல."

துடைப்பம் அவர் கையில் கொஞ்சம் கனத்தது. "அத யாரு வந்து பார்க்கப் போறா."

"என்ன இப்படிச் சொல்றீங்க. முதல் நாளே நாலு லட்சம் பேர் உள்ள வந்துட்டுப் போயிருக்காங்க."

எய்லா போன பிறகு, பனி ஒதுக்க வருகிற ரெய்யோவைத் தவிர அந்த வாசலைத் தாண்டியவர்கள் மிகச் சிலர். மின்கணக்கு பார்க்கிறவர்கூட இப்போது ஹெல்சிங்கியிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்.

"கதைய எப்படி முடிச்சீங்க?" என்றார் தார்மோ. "நான் முடிக்கலையே. கிழவன் பொண்ணுக்காகக் காத்துக்கிட்டே இருப்பான். அவ்வளவுதானே."

"நாவலுக்கு அது போதும். விளையாடுறவங்க முடிவு இல்லாட்டி திட்டி எழுதுவாங்க. அதனால சின்னதா ஒண்ணு சேர்த்தோம். கிழவர் சொன்னபடி வழிப்போக்கர் ஏரிப் பாதைல போவார். பனிமேல அவளோட சிவப்புக் கையுறை கிடக்கும். எடுத்துட்டு வந்து கொடுப்பார். கிழவர் நன்றி சொல்லி ரொட்டி கொடுப்பார். முடிஞ்சுது."

"பொண்ணு?"

"பொண்ணு இல்ல. கையுறைதான்."

"அவளுக்கு என்ன ஆச்சு, ஆஸ்காரி?"

"தார்மோ, ஒரு பெண் உருவம் செய்யணும்னா முடிக்கு மட்டுமே மூணு வாரம் ஆகும். ஆள் இல்ல. கையுறையே வலது மட்டும்தான் செய்ய முடிஞ்சுது."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, துடைத்த மேசைமேல் ஒரு சிவப்புக் கையுறை இருந்தது.

கீழ் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். எய்லா பின்னிய ஜோடி பத்திரமாக இருந்தது. மேசைமேல் இருந்ததை விரல் நுனியால் எடுத்தார். வலது கை. நிறம் அதேதான், மணிக்கட்டில் எய்லா போட்ட வெள்ளைக் கோடும் அதேதான், கட்டைவிரலில் அவள் ஒரு பின்னல் கண்ணியைத் தவறவிட்டிருந்த இடம்கூட இருந்தது. ஆனால் எடை இல்லை. கம்பளி வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. பின்னல் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் திருப்பினார். அங்கே திறப்பு இருக்க வேண்டிய இடமும் சிவப்பாக மூடியிருந்தது. அதற்குள் கை விட இடமே இல்லை. அதற்கு உள்பக்கம் என்று ஒன்றை யாரும் செய்யவில்லை.

அடுப்பில் போட்டார். புகை இல்லை, சாம்பல் இல்லை. கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இல்லை. அவர் நிமிர்ந்தபோது மேசைமேல் இரண்டு இருந்தன.

சத்தங்கள் அதற்குப் பிறகு வந்தன. அல்லது முன்பே இருந்தவை அப்போதுதான் அவருக்குக் கேட்கத் தொடங்கின. ஜனவரியில் அந்த வீட்டுக்கென்று சில சத்தங்கள் உண்டு; உறைந்த ஏரி இரவெல்லாம் நீண்ட கம்பியை மீட்டியதுபோலக் கரையிலிருந்து கரைவரை முனகும், மரச்சுவர்கள் குளிரில் நெட்டி முறிக்கும், அடுப்புக்குள் பிர்ச் விறகின் பட்டை சுருண்டு வெடிக்கும். இவை அவருக்குப் பழக்கம். இது வேறு. வாசலிலிருந்து சமையலறைவரை யாரோ ஓடி வந்தார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள், ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில், மூச்சு வாங்காத ஓட்டம். ஓடி வந்து நின்று, நின்ற இடத்திலேயே குதித்தார்கள். தொம். தொம். தொம். காரணமே இல்லாமல், சலிக்காமல். விளையாடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று ஆஸ்காரி ஒருமுறை சொல்லியிருக்கிறான். கதவருகே நிற்கும்போதும், யாராவது பேசும்போதும், சாவு வீட்டில்கூட. கை சும்மா இருக்காது.

பிறகு நிழல்கள். மேசை விளக்கு ஒன்றுதான் எரிந்தது. சுவரில் அவர் நிழல் ஒன்றுதான் இருக்க வேண்டும். அது ஏழோ எட்டோ ஆகி, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கெட்டியாகி, அவர் அசையாதபோது அவை குனிந்து நிமிர்ந்தன.

தார்மோ அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்கிற உணர்வு. அதை மறந்தே நாளாகியிருந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, ஜனவரி ஆறாம் தேதி, பின்யா வருவதாக இருந்தது. ஔலு நகரத்தில் அவள் இருந்த வீட்டை, கூட இருந்தவனிடமே விட்டுவிட்டு வெளியேறியிருந்தாள். "அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கலாமான்னு பார்க்கிறேன்" என்று போனில் போகிற போக்கில் சொன்னாள். "இங்க பனி ஜாஸ்தி" என்று பதில் சொன்னார் தார்மோ. போனை வைத்த பிறகுதான் அது பதிலே இல்லை என்று உறைத்தது. ஏழு நாவல் எழுதியவருக்கு இரண்டே இரண்டு சொல் தேவைப்பட்டது. இங்கேயே இரு. குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். சவுனா என்ற நீராவி அறையில் சுடுகல்மேல் தண்ணீர் ஊற்றியபடி சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. வாசலில் அவள் நிற்பாள், பையை வாங்கிக்கொண்டே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

திருநாளுக்கு முந்தின மதியம் ரெய்யோ வந்தார். எதிர்க்கரையில் வீடு. டிராக்டரில் முற்றத்துப் பனியை ஒதுக்கிவிட்டு, வழக்கம்போலத் தட்டாமல் கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டியபடி தார்மோவின் எதிரே நின்றார்.

"கதவ மூடு" என்று சொல்ல வாயைத் திறந்தார் தார்மோ. நாற்பது வருடமாக ரெய்யோவுக்கு அவர் சொல்லும் வரவேற்பு அதுதான்.

"வாங்க, அடுப்புப் பக்கம் வந்து குளிர் காயுங்க" என்றது அவர் வாய். "என் பொண்ணு இன்னும் வீடு வந்து சேரல. ஏரிப் பாதைல கொஞ்சம் போய்ப் பார்க்கிறீங்களா?"

ரெய்யோ பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. "என்னடா இது, வாங்க போங்கன்னு. யாரு செத்தா?"

தார்மோ தலையை ஆட்டப் பார்த்தார். தலை ஆடவில்லை. "வாங்க, அடுப்புப் பக்கம் வந்து குளிர் காயுங்க. என் பொண்ணு இன்னும் வீடு வந்து சேரல—"

"அவ நாளைக்குத்தானே வர்றா. இன்னும் துணிகூட மடிச்சிருக்க மாட்டா, இப்பவே எதுக்கு ஏரில தேடணும்? ஏரிப் பாதை சுத்தமா இருக்கு. நேத்துதான் பனிக்கட்டில துளை போட்டு கனத்த அளந்து, கார் போகலாம்னு திறந்து விட்டேன். இது புதுக் கதையா? நல்லாத்தான் இருக்கு. காபி இருக்கா?"

மூன்றாம் முறையும், கிழவருக்கு அவர் எழுதிய அதே பேச்சு. அதே ஏற்றம், அதே இறக்கம், 'கொஞ்சம்' என்ற இடத்தில் அதே சின்ன இழுப்பு. ரெய்யோவின் சிரிப்பு நின்றது. தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"போய்த் தூங்கு தார்மோ. நாளைக்கு அந்தப் பொண்ணு வர்றப்ப இப்படி ஏதும் உளறி வைக்காத."

டிராக்டர் சத்தம் ஏரியைத் தாண்டி ஓய்ந்த பிறகு நாக்கு விடுபட்டது.

"கதவ மூடு" என்றார் தார்மோ, மூடியிருந்த கதவிடம்.

போனை எடுத்தார். பின்யாவின் எண்ணை அழுத்தினார். எதிரே ஆள் நின்றால்தான் அந்தப் பேச்சு வருகிறது, போனுக்கு வராது. சாம்பல்நாட்டில் போன் கிடையாது. மரபுக் காப்புக்காரர்கள் அதில் உறுதியாக இருந்தார்கள்.

"அப்பா? நாளைக்குத்தான் கிளம்புறேன். மறக்கல."

"ஏரிப் பாதைல வராத. சுத்தி வா."

"ரெய்யோ மாமா திறந்துட்டாராமே. பனி உடைஞ்சா வெளிய குதிக்கத் தோதா கார் பெல்ட்ட அவுத்துட்டு, கண்ணாடிய இறக்கி விட்டுட்டு மெதுவா வந்துடுவேன். சின்ன வயசுல நீதானே சொல்லிக் கொடுத்த."

"சுத்தி வா."

"நாப்பது நிமிஷம் மிச்சமாகும்பா."

"பின்யா. சுத்தி வா."

"சரி. சுத்தியே வர்றேன். ஏதாவது கனவு கண்டியா?"

"பனி புதுசு. அதான்."

அந்த இரண்டு சொல்லையும் அப்போதே போனில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நேரில் பையை வாங்கிக்கொண்டே சொல்வது இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மேசை நிறையக் கிடந்த சிவப்பையெல்லாம் வாரி அடுப்பில் கொட்டினார். புது ரொட்டியைத் துணியில் சுற்றி மாடியில் ஒளித்தார். இறங்கி வரும்போது துணி மட்டும் படியில் கிடந்தது. அவளை முற்றத்திலேயே, வெளியிலேயே சந்தித்துவிட வேண்டும் என்று திட்டத்தை மாற்றினார். அடுப்பும் இல்லை, வீடும் இல்லை, அங்கே வாய் தன் வாயாக இருக்கும். சாய்ந்து கிடந்த வெளிச்சம் போய் இருட்டத் தொடங்கியது. கடைசியாக ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, மேலங்கியை எடுக்கத் திரும்பினார்.

கால் வரவில்லை.

வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. அடுப்புக்கு முன்னால் கிடந்த கந்தல் விரிப்பின் ஓரம்வரை கால் வந்தது. அதற்குமேல் கால் என்ற ஒன்று இருப்பதே மறந்ததுபோல நின்றது. பின்னால் போனார், வந்தது. முன்னால், விரிப்பின் ஓரம்.

கிழவரை அங்கேதான் நிறுத்தியிருந்தார், ஏழாவது நாவலில். எங்கும் போக விடவில்லை.

இப்போது அந்த வழிப்போக்கர்கள் தெரிந்தார்கள். முதலில் ஓரக்கண்ணில், பிறகு நேராக. கதவு திறந்தது, ஒன்று ஓடி வந்தது. கம்பளி அங்கி, முதுகில் வில். கதவு திறந்தது, அதே அங்கி, அதே வில், இன்னொன்று. சமையலறை நிரம்பியது. ஒன்று மேசைமேல் ஏறி நின்றது. ஒன்று இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடியது. ஒன்று அவர் எதிரே வந்து, மூக்கோடு மூக்கு படுகிற நெருக்கத்தில் நின்று, அவர் பேசுவதற்காகக் காத்திருந்தது. அங்கியின் முக்காட்டுக்குள் பார்த்தார். ஆறு நாவலாக, பிறகு ஏழாவதிலும், அவர் கவனமாகக் காலியாக விட்டு வைத்திருந்த இடம் அங்கே அப்படியே இருந்தது. அதிலிருந்து மூச்சு வரவில்லை. குளிர் மட்டும் வந்தது.

"வாங்க" என்றது அவர் வாய்.

தெருப் பக்கத்திலிருந்து வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது. தெருப் பக்கம். ஏரிப் பக்கம் இல்லை. சுற்றித்தான் வந்திருக்கிறாள். வாசலில் பூட்ஸ் பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. இத்தனை பேரில் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்பா." கறுப்புத் தோல் கையுறைகளைக் கழற்றி வாசல் பலகையில் வைத்தாள். ஏலக்காய் வாசனையோடு ஒரு காகிதப் பை மேசைமேல் வந்தது. "பன் வாங்கிட்டு வந்தேன். உனக்குப் பிடிச்ச கடைல. என்ன, எல்லாத்தையும் திறந்து போட்டு வச்சிருக்க? என்ன தேடுற?"

கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். ஒன்று அவளுக்கு முன்னால் குந்தி, கீழிருந்து அவள் முகத்தைப் பார்த்தது. ஒன்று அவள் பின்னால் குதித்தது. தொம். தொம். அவள் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டாள். "கதவு ஏன் இப்படி ஆடுது? தாழ்ப்பாள் போச்சா?"

எதிரே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே எய்லாவின் அதே நிழல்.

இங்கேயே இரு. இங்கேயே இரு. இங்கேயே இரு.

"வாங்க, அடுப்புப் பக்கம் வந்து குளிர் காயுங்க. என் பொண்ணு இன்னும் வீடு வந்து சேரல. ஏரிப் பாதைல கொஞ்சம் போய்ப் பார்க்கிறீங்களா?"

அவள் சிரித்தாள். "பொண்ணு வந்துட்டா. உன் முன்னாடிதான் நிக்கிறா. பசியோட."

"வாங்க, அடுப்புப் பக்கம்—"

"அப்பா, போதும்."

"—என் பொண்ணு இன்னும் வீடு வந்து சேரல."

அவள் முகம் மாறியது. அவர் தோளைப் பிடித்தாள். "என்னப் பாரு. சிரி. ரெண்டு கையையும் தூக்கு. அப்பா, கையத் தூக்கு." தூக்க முடியவில்லை. இழுத்துப் பார்த்தாள், விரிப்பின் ஓரத்தில் அவர் கல்லாக நின்றார். அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். குரல் உடையாமல் ஒழுங்காகப் பேசினாள். "பேச்சு குழறல, ஆனா ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்பச் சொல்றார். நகர மாட்டேங்கிறார். பக்கவாதம்னு நினைக்கிறேன்." கேட்டாள். "ஆம்புலன்ஸ் வர ஒண்ணரை மணி நேரமா?" மறுபடி கேட்டாள். "ஆமா, இங்க முதலுதவி ஆள் ரெய்யோதான். எதிர்க்கரைலதான் இருக்கார். முதலுதவிப் பெட்டி அவர்கிட்டதான் இருக்கு."

ரெய்யோவுக்குப் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். "டிராக்டர்ல உட்கார்ந்தா அந்த மனுஷனுக்கு ஒண்ணும் கேட்காது." ஜன்னல் வழியே பார்த்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு விளக்கு.

வேண்டாம் என்று தார்மோ தனக்குள் கத்தினார். அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"ஏரிப் பாதைல கொஞ்சம் போய்ப் பார்க்கிறீங்களா?" என்றது வாய்.

அவள் சட்டென்று திரும்பினாள். கண்ணில் தண்ணீர். "ரெய்யோ மாமாவக் கூட்டிட்டு வரச் சொல்றியா? அதத்தான் சொல்ல வர்றியா இவ்வளவு நேரமா?"

"ஏரிப் பாதைல கொஞ்சம்—"

"புரிஞ்சுது. புரிஞ்சுதுப்பா. உடனே வந்துடுறேன்."

வாசல் பலகைக்கு ஓடினாள். பலகை காலியாக இருந்தது. "இங்கதானே வச்சேன்." கீழே பார்த்தாள், பையில் பார்த்தாள். கறுப்புக் கையுறைகளை எடுத்தது எது என்று தார்மோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது இப்போது மேசைமேல் நின்று குதித்துக்கொண்டிருந்தது. பின்யா சமையலறைக்குத் திரும்பினாள். கீழ் இழுப்பறை அவளுக்காகவே திறந்திருந்தது.

"அம்மா பின்னினது." ஒரு நொடி நின்றாள். "இன்னும் வச்சிருக்கியா."

சிவப்பு. இடது கை. வலது கை.

கம்பளி அவர் கன்னத்தில் பட்டது. கம்பளி வாசனை, நாப்தலின் வாசனை, அதற்கு அடியில் எங்கோ எய்லா. "எங்கயும் போயிடாத" என்றாள். கதவு மூடியது.

ஜன்னலில் காரின் பின்விளக்குகள் கரையில் இறங்கி, ஏரிமேல் ஏறின. இரண்டு சிவப்பு. மெதுவாகத்தான் போனாள். கண்ணாடியை இறக்கியிருப்பாள். பெல்ட்டை அவிழ்த்திருப்பாள். சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் மறக்க மாட்டாள். இரண்டு சிவப்பு, சின்னதாக. இன்னும் சின்னதாக.

ஒன்று ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது.

தலையைத் திருப்ப முடியவில்லை. அதன் முதுகு மட்டும். வில் மட்டும். நகரு. நகரு. ஏரி முனகியது, வழக்கம்போல நீளமாக, கரையிலிருந்து கரைவரை. பிறகு ஒரு சின்னச் சத்தம். நீளம் இல்லை. ஒரு முறைதான்.

அது நகர்ந்தது. எதிர்க்கரை விளக்கு தெரிந்தது. அது மட்டும் தெரிந்தது.

வீட்டில் எல்லாம் குதிப்பதை நிறுத்தியிருந்தன.

கதவு திறந்தது. ஒன்று உள்ளே வந்தது. ஓடாமல், நடந்து. எதிரே நின்றது. கை நீண்டது. மேசைமேல் வைத்தது.

வலது கை. வெள்ளைக் கோடு. கட்டைவிரலில் தவறிய கண்ணி. மேசையில் அது விழுந்தபோது சத்தம் கேட்டது. அதற்கு எடை இருந்தது. நனைந்த கம்பளியின் நாற்றம் சமையலறையெங்கும் எழுந்தது. மணிக்கட்டுப் பக்கம் அவரைப் பார்த்துத் திறந்திருந்தது.

அதற்கு உள்பக்கம் இருந்தது.

"நன்றி" என்றது தார்மோவின் வாய், கனிவாக. "இது அவளோடதுதான். இந்த ரொட்டிய எடுத்துக்கோங்க." கை தானாக நீண்டு, காகிதப் பைக்குள் போய், ஏலக்காய் பன் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பன் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.

வாங்கிக்கொண்டது. நின்ற இடத்தில் ஒரு முறை குதித்தது. போனது.

கையுறையிலிருந்து வடிந்த தண்ணீர் பலகையின் கோடு பிடித்து மேசை ஓரம்வரை வந்து, அங்கே சற்று நின்று, சொட்டத் தொடங்கியது. கதவு திறந்தது. அடுத்தது உள்ளே வந்து அவர் எதிரே நின்றது.

"வாங்க, அடுப்புப் பக்கம் வந்து குளிர் காயுங்க" என்றார் தார்மோ. "என் பொண்ணு இன்னும் வீடு வந்து சேரல."